சனிக்கிழமை வேலை

அம்மாவின் வலது கை மறுபடி எழுந்து வந்து டம்ளரைத் தட்டிவிட்டது. தண்ணீர் முழுவதும் எப்சிபாவின் மடியில் கொட்டியது. அம்மாவின் உதட்டை நனைக்க வைத்திருந்த பஞ்சை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, தரையில் உருண்ட டம்ளரைக் காலால் நிறுத்தினாள். குனிந்து எடுக்க இடுப்பு வணங்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றபடி தம்பி ஜோயல் உள்ளே வந்தான். பழைய சேலையிலிருந்து கிழித்த இரண்டு துணிப் பட்டைகள் அவன் கையில் இருந்தன. "கட்டில் சட்டத்தோட லேசா கட்டிடலாம்க்கா. ஆஸ்பத்திரியிலயும் கட்டித்தான வச்சிருந்தாங்க."

"வேணாம்டா."

"ஊசி குத்துன எடத்தப் பாரு. பிறாண்டிப் பிறாண்டி ரத்தமா இருக்கு."

"வேணாங்கறேன்ல. போற நேரத்துல கட்டிப் போடுவியா அம்மாவ?"

சொன்ன பிறகுதான் அப்பா அங்கே இருப்பது அவளுக்கு உறைத்தது. ஞானாபரணம் கட்டிலின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வேதப்புத்தகம் மூடிக் கிடந்தது. கோயிலுக்குப் போவதற்கென்று போட்ட வெள்ளைச் சட்டை. போட்டுக்கொண்டவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தவர்தான். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமையே கையை விரித்துவிட்டார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது, இருதயமும் பலவீனம், இனிமேல் இயந்திரத்தில் போட்டாலும் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருங்கள் என்றார் டாக்டர். வலி இருக்காது என்றும் சொன்னார். வலி இல்லைதான். ஆனால் கைகள் ஓயவில்லை. கண்ணை மூடியபடியே போர்வையைப் பிடிப்பதும் கிள்ளுவதும் தேய்ப்பதுமாக இருந்தன. எப்சிபா வேதியியல் படித்தவள். திருத்துறைப்பூண்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கழிவு ரத்தத்தில் தேங்கி மூளைக்கு ஏறினால் இப்படி ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அம்மா பிழைக்க வேண்டும் என்று அவள் இப்போது வேண்டவில்லை. அந்தக் கைகள் ஒரு தடவை சும்மா கிடக்க வேண்டும். அதற்கப்புறம் போகட்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அப்பா முன்னால் குனிந்தார்.

"மகிமை, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஓய்வுநாள். ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா படு."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். காலையிலிருந்து பலமுறை சொல்லிவிட்டார். சொல்லிக் கையைத் தடவிக் கொடுத்ததும் அம்மாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்தன.

மேற்கே எங்கேயோ அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூதலூர் பக்கமெல்லாம் சம்பா முற்றி நிற்கும் நேரம். அப்பாவின் போன் அடித்தது. மிஷின் ஏற்பாடு செய்கிற வீரமணி.

"மாமா, மிஷினு உங்க வரப்புல நிக்குது. இப்ப உட்டா ஒரு மணி நேரத்துல முடிச்சிரும். நாளைக்குக் காலையில அது கெழக்க போயிரும் மாமா. மானம் வேற ஒரு மாதிரியா இருக்கு."

"இன்னைக்கு வேணாம்பா."

"வீட்டு நெலம தெரியும் மாமா. நீங்க வர வேணாம், நானே நின்னு பாத்துக்கறேன்."

"நான் வர்றதுக்கில்ல வீரமணி. இன்னைக்கு ஞாயிறு. வேற யாருக்காச்சும் ஓட்டு."

ஜோயல் கையிலிருந்த துணிப் பட்டைகளைக் கொடியில் வீசினான். "நனைஞ்சு மொளைக்கட்டும். நமக்கென்ன!" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனான்.

அந்த வீட்டில் ஞாயிறு என்றால் அப்படித்தான். ஞானாபரணத்தின் வயலில் ஞாயிற்றுக்கிழமை மாடு நடந்ததில்லை. மாடு போய் மோட்டார் வந்த பிறகு மோட்டாரும் ஓடியதில்லை. ஊரே சேற்றில் கிடக்கிற நடவு நேரத்திலும் ஆட்களுக்கு 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிவிடுவார். அன்று கடைக்குப் போவதில்லை, எதுவும் வாங்குவதில்லை. காலையில் கோயில், மத்தியானம் சாப்பாடு, பிறகு வேப்பமர நிழலில் சாய்வு நாற்காலி. "மகிமை, நீயும் வந்து உக்காரு" என்று வாரம் தவறாமல் கூப்பிடுவார். ஒப்புக்கு இல்லை, மெய்யாகவே கூப்பிடுவார். அம்மாவும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கையிரண்டையும் மடியில் வைத்துக்கொள்வாள். ஐந்து நிமிஷத்தில் தலை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்த ஞாயிறு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் யோசித்ததில்லை. அது சனிக்கிழமையிலிருந்து வந்தது. சனிக்கிழமை மீன்காரர் வருவார். மீனை உரசிக் கழுவிக் குழம்பு வைக்க வேண்டும். ஒரு படி சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுச் சாயங்காலம் அரைக்க வேண்டும். அப்பாவின் வேட்டி சட்டை, பிள்ளைகளின் துணி, அவற்றோடு கோயிலில் திருவிருந்து மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் துணி, எல்லாம் வெளுத்து நீலம் போட்டுக் காய்ந்து பெட்டிபோட்டு மடிப்பு நிற்க வேண்டும். ஞாயிறு விடியுமுன் எழுந்து இட்லியும் சோறும் இறக்கிவிட்டால் அப்பா எழும்போது அடுப்பு ஆறியிருக்கும். விடியுமுன் செய்தது வேலையில் சேராது என்று அம்மாவாகவே ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி இதைச் சொல்லி அப்பாவைச் சீண்டுவாள். "ஏண்ணே, உங்க சாமி ஏழாம் நாளு ஓய்வெடுத்துச்சுங்கறீங்களே, அன்னைக்கு அதுக்குச் சோறு ஆக்குனது யாரு?"

"அவருக்குப் பசிக்காதும்மா."

"உங்களுக்குப் பசிக்குமேண்ணே!"

மூன்று பேரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அதோடு சரி.

ஆராதனை முடிந்து போதகர் வந்தார். இளவயதுக்காரர், பைக்கில் வந்த தூசியோடு அங்கியைப் பையில் சுருட்டி வைத்திருந்தார். கூட மாதர் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர். ஆனந்தவல்லியும் ஒரு செம்பு மோரோடு வந்து கதவோரம் நின்றாள்.

போதகர் அம்மாவின் நெற்றியில் கை வைத்து ஜெபித்தார். உழைத்துக் களைத்த உம்முடைய மகளை உம்முடைய இளைப்பாறுதலுக்குள் அழைத்துக்கொள்ளும் என்று சொல்லும்போது அவர் குரல் கட்டியிருந்தது. காலையிலிருந்து பாடிய குரல். எப்சிபா கண்ணை மூடவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமென் சொன்னதும் பெண்களில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். "மகிமையம்மா கை பட்டாத்தான் மேசத் துணி துணியா இருக்கும். இன்னைக்குப் பாத்தீங்களா, பழுப்பா, அங்கங்க சுருங்கி..."

"இப்பப் போயி அதச் சொல்லணுமா?" என்று இன்னொருத்தி அவள் முழங்கையை இடித்தாள்.

ஆனால் அம்மாவின் கைகளுக்கு அது கேட்டுவிட்டது. இரண்டு முஷ்டிகளும் சேர்ந்து ஒன்றோடொன்று தேய்ந்தன. பிறகு பிரிந்தன. இடது கை எதையோ வாலைப் பிடிப்பதுபோல் பிடிக்க, வலது கை அதன்மேல் முன்னும் பின்னும் போனது. பிறகு இரண்டு விரல்களால் கிள்ளி உரித்து, கிள்ளி உரித்து. பிறகு வலது கை மட்டும் வட்டமாகச் சுற்றியது. பிறகு மறுபடி முஷ்டி. காலையிலிருந்து எப்சிபா பார்த்துக்கொண்டிருந்த அதே அசைவுகள்தான். அவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. மீன். வெங்காயம். மாவு. துணி.

அம்மாவின் உதடு பிரிந்தது.

"ஊறப்... போடல."

"என்னம்மா?"

"விடிஞ்சிருச்சா... ஊறப் போடலியே."

எப்சிபா எழுந்தாள். அப்பாவின் தோளைத் தொட்டாள். அப்பாவைத் தொட்டுப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

"அப்பா, இனிமே ஞாயித்துக்கிழமைன்னு சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"நீங்க ஞாயித்துக்கிழமைன்னு சொல்லச் சொல்ல அவங்களுக்குப் பதறுது. சனிக்கெழம வேல இன்னும் முடியலன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க."

அப்பா அவளையே பார்த்தார். ஒரு குழந்தைக்குத் தின்னக் கொடுத்தது நெஞ்சில் அடைத்துவிட்டதைப் பார்க்கிறவரைப் போல் இருந்தது அவர் முகம்.

"பின்ன என்னன்னு சொல்ல?"

"வேலையெல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க."

அவர் குனிந்தார். "மகிமை, வேலையெல்லாம் முடிஞ்சிருச்சு."

கைகள் நின்றன. அம்மாவின் கண் பாதி திறந்தது. எதையும் பார்க்காத கண்.

"மீனு?"

அப்பா திரும்பி எப்சிபாவைப் பார்த்தார்.

"சொல்லுங்கப்பா. ஆச்சுன்னு சொல்லுங்க."

"எந்த மீனும்மா?"

"ஏதோ ஒரு மீனு. கழுவியாச்சுன்னு சொல்லுங்க."

"மீன் வாங்கவே இல்லியே" என்றார் அப்பா. "எப்சி, அவ போற நேரத்துல அவகிட்ட நான் பொய் சொல்லணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர்தான். புயலில் பயிர் சாய்ந்தபோது முழுக்கப் போய்விட்டது என்று எழுதிக்கொள்ள வந்த அதிகாரியிடம், 'பாதிதான் சாஞ்சிருக்கு, நல்லாப் பாருங்க' என்று வரப்பில் இழுத்துக்கொண்டு போய்க் காட்டியவர். கைகள் மறுபடி ஆரம்பித்தன.

அப்பா போதகரைத் திரும்பிப் பார்த்தார். "ஐயா, நீங்க சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது. வேல செய்யவும் கூடாது. நான் என்ன செய்யட்டும்?"

போதகர் செருப்பை மாட்டப் போனவர் நின்றார். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் ஞாயித்துக்கெழம உக்காந்து பல வருஷம் ஆச்சுங்கய்யா. விடியக்காத்தால எந்திரிச்சது. இன்னும் ரெண்டு கோயில் பாக்கியிருக்கு. எங்கிட்டப் போயி கேக்குறீங்களே." கொஞ்சம் யோசித்தார். "ஆனா பொய் சொல்ல வேணாம்" என்றார். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெண்களும் அவர் பின்னாலேயே போனார்கள்.

பைக் சத்தம் தெருவில் தேயும்வரை எப்சிபா நின்றாள். பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஜோயலு! போயி மீன் வாங்கிட்டு வா. சங்கரா கெடச்சா சங்கரா. வெட்டித் தர வேணாம்னு சொல்லு, முழுசா வாங்கிட்டு வா."

"இன்னைக்கா?" அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோயல் வண்டியை வாசலில் முடுக்காமல் சின்னப் பிள்ளையில் செய்வதுபோல் சத்தமில்லாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனான்.

"அரிசிக்கு என்ன பண்ணுவ?" என்றாள் ஆனந்தவல்லி. "இப்ப ஊறப்போட்டு எப்ப அரைக்கிறது? இரு, நான் ராத்திரிக்குன்னு ஊற வச்சிருக்கேன். உளுந்தும் கெடக்கு. எடுத்தாறேன்."

"உங்க வீட்டுக்கு?"

"ஒரு நாளு தோச இல்லன்னா எங்க வீட்ல எவனும் செத்துற மாட்டான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என் வாயில கொள்ளிய வைக்க. இதோ வந்துட்டேன்."

அப்பா செய் என்று சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

ஜோயல் கொண்டுவந்த மீனை எப்சிபா கொல்லையில், அம்மாவின் ஜன்னலுக்கு நேர் கீழே கிடந்த துவைகல் பக்கம் எடுத்துப்போனாள். அம்மாவுக்குக் கேட்க வேண்டும். கல் உப்பைப் போட்டு மீனைச் சொரசொரப்பான தரையில் வைத்துத் தேய்த்தாள். செதில் தெறித்து முழங்கையில் ஒட்டியது. ஆய்வுக்கூடத்தில் கையுறை போட்டே பழகிய விரலில் முள் ஏறியது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வெள்ளைச் செதிலெல்லாம் மினுமினுத்ததில் தூக்கமில்லாத கண் கூசியது.

ஜன்னலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"மீனு ஒரசிக்கிட்டிருக்கு மகிமை."

அம்மா என்ன கேட்டாள் என்று வெளியே கேட்கவில்லை.

"இல்ல, இன்னும் ஆவல. ரெண்டு மிச்சம் இருக்கு. ம். இப்ப ஒண்ணு."

எப்சிபாவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. கடைசி மீனைக் கழுவிச் சட்டியில் போட்டதும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அப்பா கம்பிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"ஆச்சு மகிமை. மீனு ஆச்சு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அம்மாவின் இடது கை இறங்கி வயிற்றின்மேல் கிடந்தது. ஜோயல் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து முறத்தில் வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. கண்ணில் வழிந்ததைத் தோளில் துடைத்தான். அழுவதற்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

சமையற்கட்டில் இருந்தது பழைய கிரைண்டர். எப்சிபா முதலில் உளுந்தைப் போட்டாள். கல் கடகடத்து, பிறகு சத்தம் அடங்கி ஒரே சீராக உருள ஆரம்பித்தது. தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டுக்கொண்டே திறந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்தாள். வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த வலது கை மெதுவாகி, மெதுவாகி, நின்றது. உளுந்தை வழித்துவிட்டு அரிசியைப் போட்டாள். அப்போது மறுபடி முஷ்டிகள் சேர்ந்தன. இந்தத் தடவை மெதுவாகத்தான். ஆனால் விடவில்லை.

அப்பா கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கேட்டார். "இது என்ன வேலைம்மா? இதுக்கு என்ன சொல்லணும்?"

எப்சிபாவின் கையெல்லாம் மாவு. "அது உங்க சட்டக் காலருப்பா."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். போன வாரத்துச் சட்டை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அதை யாரும் துவைக்கவில்லை. காலரின் மடிப்பில் பழுப்புக் கோடு ஓடியது. அவர் எழுந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, வெற்றுடம்போடு கொல்லைக்கு நடந்தார்.

கொல்லையை ஒட்டித்தான் கோயிலுக்குப் போகிற பாதை. ஞாயிறு வகுப்பு முடிந்த பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா துவைகல்லின் முன் குந்தி, சோப்பைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆனந்தவல்லிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, சோப்ப வாளிக்குள்ள கரைக்காதீங்க! காலர மட்டும் நனைச்சு, கல்லுல வச்சுத் தேய்ங்க. அப்புடி இல்ல. ரெண்டு கையாலயும் புடிச்சுத் துணியத் துணியோட."

அவர் இரண்டு கையாலும் பிடித்து, துணியைத் துணியோடு தேய்த்தார். பாதையில் போனவர்களில் ஒருவர் "ஸ்தோத்திரம் ஐயா" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "ஸ்தோத்திரம்" என்றார். குனிந்து மறுபடி தேய்த்தார்.

அலசி, பிழிந்து, அப்படியே கட்டிலுக்குக் கொண்டுவந்தார். தரையெல்லாம் சொட்டியது. அம்மாவின் முஷ்டியைப் பிரித்து, விரல்களில் காலரின் உள்மடிப்பை வைத்தார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் கட்டை விரல் அந்த மடிப்பின்மேல் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை போனது. ஏதோ சொன்னாள். அப்பா காதை வாயருகே கொண்டுபோனார்.

"நீலமா? இன்னும் போடல. இரு."

எழுந்து போனார். அலமாரியில் எந்தத் தட்டு என்று தெரியாமல் தேடுகிற சத்தம் கேட்டது. எப்சிபா போய் எடுத்துக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையோடு திரும்பி வந்தார். நீலம் கூடுதலாகி, ஒரு பக்கம் திட்டாக நின்றது.

"போட்டாச்சு மகிமை" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "எல்லாம் ஆயிருச்சு. இனிமே ஒண்ணும் மிச்சம் இல்ல."

எப்சிபா மாவைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நைசாக வேண்டும். ஒரு கை தண்ணீர் தெளித்தாள். சுவரில் சாய்ந்தாள். கண் தானாக மூடிக்கொண்டது. நின்றபடியே தூங்கினாளா என்று அவளுக்குப் பிறகும் தெரியவில்லை. கண் விழித்து, மாவு சரியாகிவிட்டதைப் பார்த்து, சுவிட்சை அணைத்தாள்.

கல் இரண்டு சுற்று தானாகச் சுற்றி நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வயல் பக்கம் மிஷின் ஓடுவது கேட்டது. வேலி ஓரம் ஆனந்தவல்லியின் கோழி கேறியது கேட்டது. காலையிலிருந்து வீடெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் மூச்சு மட்டும் கேட்கவில்லை.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கைகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தன. ஜோயல் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா ஈரக் கைகளைத் தன் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. சத்தம் போட்டால் எழுந்துவிடப் போகிறாள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"எப்பப்பா?" என்றாள் எப்சிபா, மெதுவாக.

"அரைச்சிட்டிருக்கும்போது."

அதற்குப் பிறகு வீடு அவர்கள் கையில் இல்லை. பந்தல் கால் நட ஆட்கள் வந்தார்கள். நாற்காலி வந்தது. பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டிக் கூறைச் சேலை உடுத்தி முன்னறையில் கிடத்தினார்கள். திருச்சியிலிருந்து சித்தி வந்து கத்தி அழுதாள். ஆனந்தவல்லி சமையற்கட்டுக்குள் போனாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. மீன் சட்டி, உரித்த வெங்காயம், மாவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். போகும்போது எப்சிபாவின் தலையை ஒரு கையால் அழுத்தி, "நீ போயி ஒரு மூலையில சாயி. யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்காத" என்றாள்.

எப்சிபா போய்ச் சாய்ந்தாள். கண்ணை மூடினால் கல் சுற்றியது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஜோயல் போனோடு வந்து நின்றான். சுவரொட்டி அடிக்கிற கடைக்காரர் லைனில் இருந்தார்.

"அக்கா, நித்திரையடைந்தார்னு போடவா, இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார்னு போடவான்னு கேக்குறாரு. ரெண்டும் ரெடியா இருக்காம். அப்பாவக் கேட்டுச் சொல்லு."

அப்பா முன்னறையில் இல்லை. பந்தலில் இல்லை. வேப்பமரத்தடி நாற்காலியும் காலியாக இருந்தது. எப்சிபா வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

கிரைண்டரின் பாத்திரத்தையும் குழவியையும் வெளியே எடுத்து வைத்திருந்தார் அப்பா. மாவு வழித்த பிறகு யாரும் கழுவாமல் விட்டதால் ஓரமெல்லாம் காய்ந்து வெள்ளையாகப் பிடித்திருந்தது. அவர் தோளில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. குழவியை ஒரு கையால் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி, மடியில் சாய்த்துக்கொண்டு, தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தார்.

கோயிலில் மாலை ஆராதனைக்கு ஒலிபெருக்கியில் முதல் பாட்டு எழுந்தது. பாதையில் ஆட்கள் போனார்கள். அவர் நிமிரவில்லை. நகத்தால் மாவைச் சுரண்டினார்.

எப்சிபா கேட்க வந்ததைக் கேட்கவில்லை. சேலையைச் சுருட்டிக்கொண்டு அவருக்கு எதிரே குந்தினாள். வாளியிலிருந்து ஒரு செம்பு மொண்டு கல்லின்மேல் ஊற்றினாள். தண்ணீர் வெண்மையாக ஓடி வாழைக்குப் போனது. அவர் கல்லைக் கொஞ்சம் திருப்பினார். அவள் இன்னொரு செம்பு மொண்டாள்.